த–ட வேறுபாடும் பச்சிளம் செவியும்: பேச்சொலி உணர்வு ஆராய்ச்சி கடந்து வந்த பாதை

தமிழில் ‘கத்தி’, ‘கட்டி’ என்னும் இரு சொற்களையும் வேறாக்குவது இடையில் நிற்கும் தகர டகர வேறுபாடு ஒன்றே. முன்னதில் நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடுகிறது. பின்னதில் அது மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இவ்விரு ஒலிகளின் பிறப்பிடங்களையும் தனித்தனியே வகுத்துக் கூறியிருக்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எவருக்கும் இவ்வேறுபாட்டைக் கேட்டறியத் தனி முயற்சி தேவைப்படுவதில்லை. ஆனால் ஆங்கிலம் மட்டுமே அறிந்த பெரியவர்களிடம் இத்தகைய ஒலி இணையை ஆய்வகத்தில் ஒலிக்கச் செய்தால், பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே கேட்கின்றனர். அதே ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு மாதக் குழந்தையோ இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. குழந்தைக்கு முடிவது பெரியவருக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேடப்பட்ட விடைகளின் வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது. குழந்தைப் பருவத்தில் இருந்த திறன் பின்னர் அழிந்துபோகிறது என்னும் எளிய விளக்கம் பொதுமக்களிடையே நிலைபெற்றுவிட்டாலும், ஆய்வுகளின் போக்கை வரிசையாக நோக்கினால் அவ்விளக்கத்தை ஏற்பது கடினம்.

இக்கேள்வி முதலில் கருவிகள் ஏதுமின்றி மொழியியலாளரிடையே எழுந்தது. ஒரு மொழியில் பொருள் வேறுபாட்டை உண்டாக்கும் ஒலி வகைக்கு ஒலியன் என்றும், ஒரே ஒலியனின் இடத்திற்கேற்ற வடிவங்களுக்கு மாற்றொலிகள் என்றும் பெயரிட்ட அவர்கள், மக்கள் கேட்பது காற்றில் வரும் ஒலியையா, தம் மொழியின் ஒலியனையா என வினவினர். அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்த எட்வர்ட் சபீர், ஒலியன் என்பது பேசுவோரின் உள்ளத்தில் உண்மையாகவே இருக்கிறது என்று 1933இல் எழுதினார். 1939இல் வெளியான நிக்கொலாய் துருபெத்ஸ்காயின் நூல், ஒவ்வொருவரும் பிறமொழி ஒலிகளைத் தம் மொழியின் ஒலியமைப்பு என்னும் சல்லடை வழியாகவே கேட்கின்றனர் என்றது. அச்சல்லடை எப்போது, எப்படி உருவாகிறது என்று சொல்ல அன்று வழியில்லை, ஏனெனில் பேசத் தெரியாத குழந்தையிடம் அது கேட்டதைக் கேட்டறியும் முறையை எவரும் கண்டறிந்திருக்கவில்லை.

செவியின் பக்கத்திலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது எதிர்பாராத ஒரு தோல்வியால். இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக, அச்செழுத்தை ஒலியாக மாற்றித் தரும் வாசிப்புக் கருவி ஒன்றை உருவாக்கும் பணியை அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகம் மேற்கொண்டது. 1944இல் அங்குச் சேர்ந்த உளவியலாளர் ஆல்வின் லிபர்மனும், ஆய்வகத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஃபிராங்க்ளின் கூப்பரும், எழுத்துக்கு ஓர் ஒலி என ஒதுக்கிப் பயிற்சி அளித்தால் போதும் என நம்பியே தொடங்கினர். இயல்பான பேச்சில் நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒலியன்கள் ஓடுகின்றன. அந்த வேகத்தில் தனித்தனி ஒலிக்குறிகளை ஒலிக்கச் செய்தபோது கேட்டவர்களின் காதில் அவை ஒரே இரைச்சலாகக் கலந்துவிட்டன. பேச்சை மட்டும் மனிதச் செவி அவ்வளவு வேகத்தில் எவ்வாறு பின்தொடர்கிறது என்னும் கேள்வியே அவ்வாய்வகத்தின் வாழ்நாள் பணியாயிற்று.

அதற்கென 1940களின் இறுதியில் கூப்பர் ஒரு கருவியை உருவாக்கினார். பேச்சின் அலைவெண்களைக் காலத்தோடு சேர்த்து வரைந்து காட்டும் நிறமாலைப் படத்தை ஒளிபுகும் தாளில் கையால் தீட்டி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி மீண்டும் ஒலியாக மாற்றுவது அதன் செயல்முறை. தூரிகையால் ஒரு கோட்டைச் சற்று வளைத்தால் கேட்கும் மெய்யொலி மாறும். இக்கருவியால் கண்ட உண்மைகளுள் ஒன்று இன்றும் வியப்பூட்டுவது: ஆங்கிலத்தில் ‘டி’, ‘டு’ என்னும் அசைகளின் தொடக்கத்தில் இரண்டாம் ஒத்ததிர்வுப் பட்டை (வாய்க்குழியின் ஒத்ததிர்வால் வலுப்பெறும் அலைவெண் பட்டைகளுள் இரண்டாவது) முன்னதில் மேலேறியும் பின்னதில் கீழிறங்கியும் செல்கிறது. அத்துணுக்குகளைத் தனியே வெட்டிக் கேட்டால் ஒன்று ஏறும் சீழ்க்கையாகவும் மற்றது இறங்கும் சீழ்க்கையாகவும் கேட்கும். அசைக்குள் வைத்தாலோ இரண்டும் ஒரே மெய்யாகக் கேட்கும். ஆக, செவிக்கு வரும் ஒலியில் ஒன்றுபோல் இல்லாதவை உணர்வில் ஒன்றாகின்றன.

இதன் மறுபக்கத்தை லிபர்மனும் உடன் ஆய்வாளர்களும் 1957இல் வெளியிட்டனர். குரல்நாண் அதிர்வோடு பிறக்கும் ப, ட, க வகை ஒலிப்புடைத் தடையொலிகளுக்கு இடையே சமமான சிறு படிகளாக மாறிச் செல்லும் 14 செயற்கை அசைகளை அவர்கள் கேட்கச் செய்தபோது, கேட்டவர்கள் படிப்படியான மாற்றத்தை உணரவில்லை. ஓர் எல்லைவரை ஒரு மெய்யாகவும் அதைக் கடந்தவுடன் வேறு மெய்யாகவும் உணர்ந்தனர். எல்லையின் இருபுறமும் நிற்கும் இணையை எளிதில் பிரித்தவர்கள், அதே அளவு வேறுபட்டு ஒரே வகைக்குள் அமைந்த இணையைப் பிரிக்கத் தடுமாறினர். இதுவே பகுப்புணர்வு எனப்படுகிறது. செவிப்பதிவும் உணர்வும் இவ்வளவு விலகி நிற்பதால், கேட்பவர் பேசுபவரின் நாவும் இதழும் செய்யும் அசைவையே உணர்கிறார் என்றும், அதற்கென மனிதருக்கு மட்டும் தனித்த உடலமைப்பு உண்டு என்றும் லிபர்மன் முடிவு செய்தார். இயக்கக் கோட்பாடு என்னும் அம்முடிவு அடுத்த இருபது ஆண்டு ஆய்வுகளுக்கு இலக்காக நின்றது.

குழந்தை ஆய்வுக்கு ஏற்ற அளவுகோலை வழங்கியவர்கள் லீ லிஸ்கரும் ஆர்தர் ஆபிரம்சனும் ஆவர். தடையொலியில் காற்றடைப்பு விடுபடும் கணத்திற்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்திற்கும் உள்ள இடைவெளியை ‘குரல் தொடக்க நேரம்’ என வரையறுத்து, 11 மொழிகளில் அதை அளந்து 1964இல் வெளியிட்டனர். அவற்றுள் தமிழும் ஒன்று. ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் ஒலிப்பிலாப் பகரத்தில் அதிர்வு வெகுவாகப் பிந்தி, இடையில் மூச்சு வெளிப்படும். தமிழின் மொழிமுதல் பகரத்தில் அம்மூச்சு இல்லை. அதிர்வு உடனடியாகத் தொடங்கிவிடும். ‘பம்பரம்’ என்ற சொல்லின் முதற்பகரம் ஒலிப்பின்றியும், மகரத்தை அடுத்த இரண்டாம் பகரம் ஒலிப்போடும் பிறந்தாலும், தமிழர் இரண்டையும் ஒரே எழுத்தாகக் கேட்டும் எழுதியும் வருவது, ஒலியனும் ஒலியும் வேறு என்பதற்குக் கையருகே உள்ள சான்று. மொழிகள் ஒரே அளவுக்கோட்டை வெவ்வேறு இடங்களில் வெட்டுகின்றன என்பது இவ்வளவீட்டால் எண்ணளவில் நிறுவப்பட்டது.

1971இல் பிரௌன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஐமஸும் உடன் ஆய்வாளர் மூவரும் இவ்வளவுகோலைத் தொட்டில் பருவத்திற்குக் கொண்டுசென்றனர். ஒரு மாதக் குழந்தைகளும் நான்கு மாதக் குழந்தைகளும் அழுத்தமானியோடு இணைக்கப்பட்ட, பால் வராத ரப்பர் காம்பைச் சப்பினர். வலுவாகச் சப்பும்போதெல்லாம் ஓர் அசை ஒலிக்கும். தன் சப்புதலே ஒலியை வரவழைக்கிறது என்பதைக் குழந்தை கண்டுகொண்டு வேகமாகச் சப்பும். அதே ஒலி தொடர்ந்து கேட்டுப் பழகிச் சலித்தபின் வேகம் குறையும். அப்போது ஒலியை மாற்றினால், மாற்றத்தை உணர்ந்த குழந்தையின் சப்புதல் மீண்டும் விரைவுறும். குரல் தொடக்கம் 20 மில்லிவினாடியிலிருந்து 40 மில்லிவினாடிக்கு மாறியபோது, அதாவது ஆங்கிலத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலாப் பகரங்களுக்கு இடையிலான எல்லையைத் தாண்டியபோது, குழந்தைகள் மாற்றத்தை உணர்ந்தனர். அதே 20 மில்லிவினாடி மாற்றம் எல்லையின் ஒரே பக்கத்தில் நிகழ்ந்தபோது உணர்ந்ததாகத் தெரியவில்லை. பேசத் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே பகுப்புணர்வு இருக்கிறது என்பதால், அது பிறப்பிலேயே அமைந்த மொழித்திறன் என்ற முடிவு உடனே எட்டப்பட்டது.

அம்முடிவின் அவசரத்தை நான்கே ஆண்டுகளில் ஒரு கொறிவிலங்கு வெளிப்படுத்தியது. 1975இல் பட்ரீசியா கூலும் ஜேம்ஸ் மில்லரும் செவி அமைப்பில் மனிதரை ஒத்த சின்சில்லா என்னும் விலங்குகளைப் பழக்கி, ஆங்கிலத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலா டகர அசைகளைக் கேட்கச் செய்தனர். வரிசையின் இரு முனைகளை மட்டும் கற்றுக்கொண்ட அவ்விலங்குகள், இடைப்பட்ட ஒலிகளை ஆங்கிலம் பேசுவோர் வைக்கும் எல்லைக்கு அருகிலேயே பிரித்தன. மொழியே இல்லாத உயிரிடம் அதே எல்லை காணப்பட்டதால், அது பாலூட்டிகளின் செவிக்குப் பொதுவான ஒரு கூர்மைப் புள்ளி என்றும், மனித மொழிகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன என்றும் கருத இடம் ஏற்பட்டது. இயக்கக் கோட்பாடு இதனால் அழியவில்லை. ஆயினும் பிறவியிலேயே அமைந்த மொழிக்கருவி என்ற வாதம் மீண்டும் பழைய உறுதியைப் பெறவில்லை.

இதற்கிடையே கேள்வி மொழிகளுக்கு இடையே நகர்ந்தது. கென்யாவின் கிக்கூயு மொழிச் சூழலில் வளரும் இரண்டு மாதக் குழந்தைகள் தம் மொழியில் இல்லாத பகர வேறுபாட்டையும் உணர்ந்ததை லின் ஸ்ட்ரீட்டர் 1976இல் வெளியிட்டார். அதே ஆண்டில், செக் மொழிக்குரிய ஓர் ஒலி வேறுபாட்டைக் கனடாவின் ஆங்கிலச் சூழல் குழந்தைகள் பிரித்தறிவதையும், பெரியவர்கள் அதில் தடுமாறுவதையும் சாண்ட்ரா ட்ரெஹப் காட்டினார். குழந்தையைக் காட்டிலும் பெரியவர் பின்தங்கும் புதிர் முதன்முதலாக ஆய்வகத்தில் பதிவானது இங்கேதான்.

அப்புதிரைக் கூர்மைப்படுத்தியவர்கள் கனடாவின் ஜானட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும். அவர்கள் கையாண்ட முதன்மைச் சான்று இந்தியின் பல்லொலித் தகரமும் நாவளை டகரமும். 1981இல் வெளியான முதல் ஆய்வில் பயன்பட்டது தலைதிருப்பல் முறை. குழந்தை தாயின் மடியில் அமர்ந்திருக்கும். எதிரே ஓர் உதவியாளர் பொம்மை காட்டி அதன் கவனத்தை ஈர்த்திருப்பார். பக்கத்து ஒலிபெருக்கியில் ஒரே அசை திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும். அசை மாறும்போது குழந்தை ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினால், அங்குள்ள கருங்கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து, இயங்கும் விலங்குப் பொம்மை ஒன்று தோன்றும். தாயோ உதவியாளரோ தம்மையறியாமல் குறிப்புக் காட்டிவிடாதபடி அவர்கள் காதொலிக் கருவியில் இசை கேட்டுக்கொண்டிருப்பர். இந்தி பேசும் பெரியவர்களும், ஆங்கிலச் சூழலின் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளும் தேறினர். ஆங்கிலம் பேசும் பெரியவர்களுள் மிகச் சிலரே தேறினர்.

மாற்றம் எந்த வயதில் நிகழ்கிறது என்பதே அடுத்த கேள்வி. மொழித்திறனின் முதிர்வு பூப்புப் பருவத்தோடு முடிகிறது என அந்நாளில் பரவலாகக் கருதப்பட்டதால், ஆய்வாளர்கள் 12 வயதிலிருந்து கீழ்நோக்கித் தேடினர். 4 வயதுச் சிறார்கூடப் பெரியவர்களைப் போலவே தடுமாறினர். 1984இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரை அந்த எல்லையை முதல் ஆண்டுக்குள்ளேயே கண்டது. இந்தி ஒலிகளோடு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் பழங்குடி மொழியான இன்த்லகாப்முக்கின் இருவகைக் ககர ஒலிகளையும் வைத்துச் சோதித்தபோது, ஆங்கிலச் சூழலின் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவை பிரித்தன. எட்டு முதல் பத்து மாதத்தில் எண்ணிக்கை குறைந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் மிகச் சிலவே பிரித்தன. அவ்விரு மொழிச் சூழல்களிலும் வளர்ந்த சில குழந்தைகள் அதே வயதில் தம் மொழியின் வேறுபாட்டைத் தவறாமல் பிரித்ததால், இது வயதினால் வந்த பொதுத் தளர்ச்சி அன்று என்பது உறுதியாயிற்று. அக்கட்டுரையின் தலைப்பே இம்மாற்றத்தை உணர்வின் மறுசீரமைப்பு என்றே குறித்தது. பின்னாளில் வந்த மேற்கோள்களும் செய்திகளும்தாம் அதை இழப்பாகச் சுருக்கின.

இங்கே தமிழ் மாணவர் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. வெர்க்கர் கையாண்டவை மெய்யொலி முதலில் நிற்கும் அசைகள். நாவளை ஒலியின் தெளிவான அடையாளம், அதற்கு முன்நிற்கும் உயிரொலியின் முடிவில் மூன்றாம் ஒத்ததிர்வு தாழ்வதில்தான் மிகுதியாக உள்ளது. சொல் முதலில் அவ்வடையாளத்திற்கு இடமே இல்லை. தமிழ் மரபு டகரத்தை மொழிமுதலாக ஏற்காமல், உயிரை அடுத்தே தகர டகர வேறுபாட்டைக் கையாள்வது இச்செவிப்புல உண்மைக்கு இசைவானது. அவ்வகையில் ஆங்கிலச் சூழல் குழந்தைகள் தேறியது அவ்வேறுபாட்டின் கடினமான வடிவில் என்பதால், 1984இன் முடிவு தோற்றத்தைவிட வலிமையானது எனலாம்.

அடுத்த இருபது ஆண்டுகளில் மறுசீரமைப்பின் வழிமுறைகள் ஆராயப்பட்டன. உயிரொலிகளில் அது இன்னும் முன்னதாகவே நிகழ்கிறது: அமெரிக்கக் குழந்தைகளும் சுவீடன் குழந்தைகளும் ஆறு மாதத்திலேயே தத்தம் மொழியின் சிறந்த மாதிரி உயிரைச் சுற்றியுள்ள ஒலிகளை அதனோடு சேர்த்துக் கேட்பதைக் கூல் குழுவினர் 1992இல் காட்டினர். ஒலிகள் எவ்வளவு அடிக்கடி எந்த அளவில் வருகின்றன என்னும் பரவலிலிருந்தே குழந்தை வகைகளின் எண்ணிக்கையை ஊகிக்கிறது என ஜெசிக்கா மே, வெர்க்கர், லூஆன் கெர்கன் ஆகியோர் 2002இல் கண்டனர். ஆனால் எல்லா ஒலிகளும் ஒரே பாதையில் செல்லவில்லை. சூலு மொழியின் நாச்சொடுக்கு ஒலிகளை ஆங்கிலம் பேசும் பெரியவர்களும் எளிதில் பிரிப்பதை 1988இல் கண்ட கேத்தரின் பெஸ்ட், தாய்மொழியின் எந்த வகையோடும் பொருந்தாத அயல் ஒலி தப்பிவிடுகிறது என்றும், இரு அயல் ஒலிகள் தாய்மொழியின் ஒரே வகைக்குள் அடங்கும்போதுதான் இடர் எழுகிறது என்றும் விளக்கினார். எதிர்த்திசையில், ஃபிலிப்பினோ மொழியின் சொல்முதல் னகர ஙகர வேறுபாட்டை அம்மொழிக் குழந்தைகளே ஆறு முதல் எட்டு மாதத்தில் பிரிக்கவில்லை, பத்து மாதத்திற்குப் பின்னரே பிரித்தனர் என்பதைச் சந்தன் நாராயண் குழுவினர் 2010இல் வெளியிட்டனர். எல்லா ஒலிகளையும் கேட்கும் செவியோடு பிறந்து பின்னர் குறைகிறோம் என்ற பொதுமைக் கூற்றுக்கு இந்த ஒரு சான்றே போதிய மறுப்பு.

கேட்பது மட்டும் போதுமா என்ற கேள்விக்கு 2003இல் வந்த விடை குழந்தை வளர்ப்போர் பலரையும் எட்டியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் பேசுவோர் நேரில் அமர்ந்து 12 அமர்வுகளில் புத்தகமும் பொம்மையும் காட்டிப் பேசியபோது, அக்குழந்தைகள் மாண்டரினின் கடினமான ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தனர். அதே பேச்சைத் தொலைக்காட்சித் திரையிலோ ஒலிப்பதிவிலோ கேட்டவர்களிடம் எந்த முன்னேற்றமும் இல்லை. இரு மொழிகளில் வளரும் குழந்தைகளைப் பற்றியும் இதே ஆண்டில் ஓர் ஐயம் எழுந்தது. பார்சிலோனாவில் கட்டலானும் ஸ்பானியமும் கேட்டு வளரும் குழந்தைகள் ஓர் உயிரொலி வேறுபாட்டை நான்கு மாதத்தில் பிரித்து, எட்டு மாதத்தில் தவறவிட்டு, பன்னிரண்டில் மீண்டும் பிரித்தனர். 2011இல் வேறொரு முறையால் சோதித்தபோது எட்டு மாதக் குழந்தைகளும் தேறினர். முறை மாறினால் முடிவும் மாறும் என்பதால், ஒரு சோதனையில் தோற்பதைத் திறன் இன்மையாகக் கொள்ள முடியாது.

பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளும் இதையே வலியுறுத்தின. ஆங்கிலத்தின் ரகர லகரங்களை நன்கு ஒலிக்கக்கூடிய ஜப்பானியருள் சிலர் அவற்றைக் கேட்டுப் பிரிக்க முடியாமல் இருந்ததைக் கோட்டோ 1971இல் பதிவு செய்திருந்தார். 1975இல் ஹாஸ்கின்ஸ் ஆய்வாளர்கள் உட்பட்ட குழு, அவ்விரு ஒலிகளையும் வேறாக்கும் மூன்றாம் ஒத்ததிர்வுத் துணுக்கை மட்டும் வெட்டித் தனியே கேட்கச் செய்தபோது, ஜப்பானியரும் அமெரிக்கருக்கு இணையாகவே பிரித்தனர். செவி பழுதின்றி இருந்தது. பேச்சாகக் கேட்கும்போது மட்டுமே அவ்வேறுபாடு ஒதுக்கப்பட்டது. 1985இல் வெர்க்கரும் ஜான் லோகனும் இந்தித் தகர டகரங்களை ஆங்கிலம் பேசுவோருக்கு மிகக் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தனர், அவர்கள் பிரித்தறிந்தனர். இடைவெளி 1500 மில்லிவினாடிக்கு நீண்டபோது, கேட்டதை நினைவில் நிறுத்த மனம் தாய்மொழி வகையை நாடியது, வேறுபாடு மறைந்தது. 1990களில் லோகனும் டேவிட் பிசோனியும் பலருடைய குரல்களில் இயல்பான சொற்களைக் கேட்கச் செய்து பயிற்றியபோது, ஜப்பானியர் ரகர லகர வேறுபாட்டில் தெளிவாக முன்னேறினர். அம்முன்னேற்றம் மாதங்கள் கழித்தும் நீடித்தது. தனிப் பயிற்சி ஏதும் தராமலேயே அவர்களின் உச்சரிப்பும் திருந்தியது.

உச்சரிப்பும் கேட்பும் இவ்வாறு பிணைந்திருப்பது லிபர்மனின் பழைய கருத்தை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தது. 2015இல் அலிசன் புரூடரர், வெர்க்கர் ஆகியோர் அடங்கிய குழு, ஆங்கிலச் சூழலின் ஆறு மாதக் குழந்தைகளின் வாயில் பல்முளைக்கும் பருவத்துக் கடிப்பான்களை வைத்து இந்தியின் ஒலிப்புடைத் தகர டகரங்களைக் கேட்கச் செய்தது. நாநுனி அசைய இடம்விட்ட கடிப்பானை வைத்த குழந்தைகள் பிரித்தனர். நாநுனியை அழுத்தித் தடுத்த தட்டையான கடிப்பானை வைத்தவர்கள் பிரிக்கவில்லை. அக்குழந்தைகள் அவ்வொலிகளை அதுவரை ஒலித்ததும் இல்லை, தம் வீட்டில் கேட்டதும் இல்லை. கேட்பதில் நாவுக்குப் பங்கு உண்டு என்பதை இச்சோதனை காட்டுகிறது. மனிதருக்கு மட்டும் உரிய தனி அமைப்பு என்ற பழைய வாதத்தை அது மீட்டெடுக்கவில்லை.

முதல் ஆண்டில் கேட்ட மொழி பின்னர் முற்றிலும் நின்றுபோனால் அதன் தடம் எஞ்சுமா என்பதில் சான்றுகள் இன்றும் இருபுறமும் நிற்கின்றன. 2003இல் கிறிஸ்தோஃப் பாலியே குழுவினர், மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட கொரியர்களைச் சோதித்து, அவர்களால் கொரிய வாக்கியங்களை அடையாளம் காண முடியவில்லை என்றும், மூளையின் செயற்பாட்டிலும் கொரிய மொழிக்கெனத் தனித் தடம் தென்படவில்லை என்றும் கூறினர். 2014இல் லாரா பியர்ஸ் குழுவினரோ, மழலைப் பருவத்தில் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு ஃபிரெஞ்சு மட்டுமே அறிந்த சிறுமியரின் மூளை, சீனத் தொனி வேறுபாடுகளைக் கேட்கும்போது சீனமும் ஃபிரெஞ்சும் பேசுவோரின் மூளையைப் போலவே இயங்கியதைக் கண்டனர். முன்னவர் சோதித்தது முழு வாக்கியங்களை. பின்னவர் சோதித்தது தனி ஒலிக்கூறுகளை. ஒலி அளவிலான தடம் சொல், வாக்கியத் தடங்களைவிட நீடித்து நிற்கலாம் என்னும் கருத்துக்கு, டீஸும் வெர்க்கரும் 1984இலேயே வெளியிட்ட மற்றோர் ஆய்வு துணைநிற்கிறது: முதல் இரண்டு ஆண்டுகளில் இந்தி கேட்டு வளர்ந்து, அதன்பின் அம்மொழியோடு தொடர்பற்றுப்போன பெரியவர்கள், தகர டகர வேறுபாட்டைப் பிரித்தறிந்தனர். டொராண்டோவிலோ லண்டனிலோ பாட்டியின் பேச்சில் ‘கத்தி’யையும் ‘கட்டி’யையும் கேட்டு வளர்ந்து, பள்ளிக்குச் சென்றபின் ஆங்கிலத்திற்கே மாறிவிட்ட தமிழ்க் குழந்தைகளிடமும் இதே சோதனையை நிகழ்த்த இயலும், அவர்களின் தமிழில் அவ்வேறுபாடு உயிரை அடுத்து, அதன் தெளிவான இடத்தில் நிற்பதால், இந்தி ஆய்வைவிடக் கூர்மையான விடையை எதிர்பார்க்கவும் இடமுண்டு.